பதினான்காம் கட்டம்

ஹாலிஃபாக்ஸில் நான் இருபத்தேழு வருஷம்
பேருந்தில் டிக்கெட் கொடுத்தவள்.
முகத்தைப் பார்த்து வயது சொல்ல மாட்டேன்.
மழைத்தொப்பி, மஃப்ளர், தூக்கிவிட்ட காலர்;
முகம் எங்கே தெரிகிறது இந்த ஊரில்?
இறங்குமிடத்தைக் கேட்கட்டும், சொல்கிறேன்.

'பிரின்ஸஸுக்கு ஒன்று' என்றவர்கள்
நான் வேலைக்குச் சேர்ந்தபோதே எழுபதைத் தாண்டியவர்கள்.
கையைப் பிடித்து ஏற்ற வேண்டும்.
'ஹிப்போட்ரோம்' என்றால்
குதிரைகள் மேடையேறிய காலத்துப் பிள்ளை.
அதிலொன்று வயலின்காரர் தலையில்
மூத்திரம் பெய்த கதையை
மிஸ்டர் பாராக்ளஃப்
மீதி அரைப்பென்னி வந்து சேர்வதற்குள்
முழுதாகச் சொல்லி முடிப்பார்.
வியாழனுக்கு வியாழன் குதிரையின் நிறம் மட்டும் மாறும்.
'எம்பயர்' என்பவர்கள்
முதல் போரில் யாரையோ அனுப்பியவர்கள்.
சில்லறையைச் சரியாக வைத்திருப்பார்கள். பேச்சு இல்லை.
'ரீஜென்ட்' என்றால் என் வயது.
பேசும்படம் வந்த வருஷம்
பின்வரிசையில் எனக்கும் ஒரு முத்தம் உண்டு.
படம் மறந்துவிட்டது,
மீசை குத்தியது மறக்கவில்லை.
'பிங்கோ' என்பவர்களுக்கு வயதே கிடையாது,
கைப்பையில் இரண்டு பேனா இருக்கும்.

எல்லோருக்கும் அதே கதவு, அதே பதினான்காம் கட்டம்.
என் இயந்திரம் எண்ணை மட்டும் அச்சடிக்கும்.
அதற்கு நாடகம் தெரியாது.

ஒரு முதலாளி கடனோடு ராவோடு ராவாக ஓடினான்.
ஒருவன் கூரைக்குத் தங்கமுலாம் பூசி
கணப்புக்குக் கரி வாங்கக் காசில்லாமல் போனான்.
வந்தவன் ஒவ்வொருவனும் முதல் வேலையாக
போனவன் எழுத்துகளைப் பெயர்த்தான்.
ஆலைப்புகை குடித்துக் கறுத்த கல்லில்
எழுத்திருந்த இடம் மட்டும் வெளுத்து நின்றது,
மோதிரம் கழற்றிய விரல்போல.
மேல்தட்டின் முன்னிருக்கையிலிருந்து பார்த்தால்
ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பெயர்,
ஒன்றின் வயிற்றில் இன்னொன்றின் கால்.
படிக்க முடியாது. இருந்தது.

எழுபத்துமூன்றில் நகராட்சிக்கு ஒரு யோசனை.
சாரம் கட்டி மணலைப் பீய்ச்சினார்கள்.
மூன்று வாரம் ஜன்னலை மூடியே ஓட்டினோம்.
சாரம் பிரித்த காலையில்
வெண்ணெய் நிறத்தில் ஒரு கட்டடம்
வெளியூர்க்காரனைப்போல நின்றுகொண்டிருந்தது.
'என்ன சுத்தம்!' என்றாள் மிஸ் லம்ப்.
மிஸ்டர் பாராக்ளஃப் எழுந்தார்,
எழுந்தவர் நகரவில்லை.
'இது எந்த நிறுத்தம், நெல்லி?'

முப்பது தலைகள் திரும்பின.
வாயைத் திறந்தேன்.
ஐந்து பெயரும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து
வாசலில் நெரிபட்டன,
சனிக்கிழமை இரண்டாம் ஆட்டக் கூட்டம்போல.
'பதினாலு' என்றேன்.

கம்பியைப் பிடித்து இறங்கினார்.
கடைசிப் படியில் நின்று
அந்தச் சுத்தமான கல்லை அண்ணாந்து பார்த்தார்.
'வெள்ளைக் குதிரை அது' என்றார்,
'இப்போதுதான் ஞாபகம் வருகிறது.'

மணியை இரண்டு தடவை அடித்தேன்.