பன்னிரண்டுக்கு எட்டு

பாலக்கரையில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது.
பாதிப் பேருடைய இரட்டைத் தாடையை
நான்தான் ஒற்றையாக்கினேன்.
சிங்கம் வேண்டுமென்றால் ஐம்பது ரூபாய் கூடுதல்.
சிங்கமெல்லாம் போன வருஷம்; இப்போது கழுகு.
வழுக்கைக்கு முடி மட்டும் இலவசம்,
தொழில் தர்மம்.

அன்று ராத்திரி மூன்று முறை கரண்ட் போனது.
உய்யக்கொண்டான் வாய்க்கால் கொசுக்கள்
மானிட்டர் வெளிச்சத்தில் மாநாடு போட்டன.
கையில் இரண்டு ஆர்டர்.
வட்டப் பிரதிநிதி தைனேஸ் அண்ணனுக்குப் பிறந்தநாள்:
பன்னிரண்டுக்கு எட்டு, கிரீடம், கழுகு,
பின்னால் மலைக்கோட்டை, அவர் தோளுக்குக் கீழே.
காந்தி மார்க்கெட் லோடுமேன் பெரியண்ணனுக்குக் காரியம்:
நாலுக்கு மூணு, ஒரு குத்துவிளக்கு.
ரேஷன் கார்டிலிருந்து பிய்த்த முகம்.

மூன்றாவது கரண்ட்டில் கை தூங்கிவிட்டது.
முகம் மாறிப் போனது.
முகத்தோடு பேரும் ஒட்டிக்கொண்டு போனது.

விடிந்தால் ரவுண்டானாவில்
வெங்காய மூட்டை தூக்கியே செத்தவர்
கிரீடத்தோடு நிற்கிறார்.
'மலைக்கோட்டையின் மறு கோட்டையே!
வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.'

தம்பிகள் பதினாறு பேர் வந்தார்கள்.
படிக்காமல் மாலை போட்டார்கள்.
படிக்காமல் பட்டாசு கொளுத்தினார்கள்.
கேக் வெட்டி, ஏணி போட்டு ஏறி,
பெரியண்ணன் கன்னத்தில் கிரீம் அப்பினார்கள்.
ரவுண்டானா மாடு ஒன்றுதான்
நின்று முழுசாகப் படித்தது.
பிறகு ஓரத்தைத் தின்றது.

எடத்தெரு முனையில், டாஸ்மாக் பக்கம்,
தைனேஸ் அண்ணன் இயற்கை எய்தியிருந்தார்.
அவரே வந்து பார்த்தார். ஒரு டீ சொன்னார்.
டீக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாகக்
கை நீட்டிக் காசு கேட்டார்:
"பழைய பாக்கியைத்தான் காலையிலயே அடிச்சிட்டனே அண்ணே,
இது புதுக் கணக்கு."
கந்துவட்டிக்காரர்கள் மூன்று பேர்
மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்,
அசலுக்காக.
அதை மறைந்திருந்து பார்த்தார் அண்ணன்.
முகத்தில் ஒரு ஞானம் வந்தது.
"கழட்டாதடா. ஒரு மாசம் கிடக்கட்டும்."
செல்லை அணைத்துவிட்டு
வேளாங்கண்ணி பஸ் ஏறிவிட்டார்.

மாநகராட்சி ஆள் வந்து அனுமதி எங்கே என்றார்.
செத்தவருக்கு அபராதம் போட விதியில்லை,
பிறந்தவருக்குப் போடத் தைரியமில்லை,
இதில் யார் எவர் என்றும் தெரியவில்லை.
கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உச்சி வெயிலில் சிலம்பாயி அக்கா வந்தது,
பெரியண்ணன் சம்சாரம்.
எண்ணூறு ரூபாயைத் திருப்பித் தர
எடுத்து மேசையில் வைத்திருந்தேன்.
அது பணத்தைப் பார்க்கவில்லை.
ரவுண்டானாப் பக்கம் கையைக் காட்டி,
"இந்தத் தலையில சும்மாடு தவிர
வேற எதுவும் ஏறினதில்ல," என்றது.

கொஞ்சம் நின்றுவிட்டு,
"அந்தப் பருந்த மட்டும் எடுத்துருப்பா.
கூலியில பிடிச்சுக்கிற மேஸ்திரி மாதிரியே
தோள்மேல உக்காந்திருக்கு."

கழுகை எடுக்கத் தனியாக
ஐம்பது ரூபாய் ஆகும் என்று
வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு.