முக்கால்

புதுவயல் மில்லில் எடைமேடை என் பொறுப்பு.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எதையும் நம்பாத மேடை அது.
மார்கழி முழுக்க அதன்மேல்தான் படுத்திருந்தாள்,
ஒருநாளும் எண் அசைந்ததில்லை.

அன்றைக்குக் குளிர் அதிகம்.
மேடையை விட்டு
தொண்டிக்காரர் ஆரோக்கியசாமியின் லாரியில்
சூடு ஆறாத எஞ்சினுக்குள் ஏறிவிட்டாள்.
எனக்கு இரவு ஷிப்ட்.
நாலு மணிக்கு அவர் சாவியைத் திருப்பினார்.
அந்தச் சத்தத்தைப் பற்றி
நானும் அவரும் இதுவரை பேசியதில்லை.

காரைக்குடியில் டாக்டர் மெஹர்நிசா
வலப் பின்னங்காலை இடுப்போடு எடுத்தார்.
எடுக்கும் முன் மூன்று கிலோ நூறு.
எடுத்தபின் இரண்டு எண்ணூற்றுத் தொண்ணூறு.
கழித்துப் பார்த்தேன், பழக்க தோஷம்.
கால் போனால் மீதி முக்கால்,
மூன்றாம் வகுப்புக் கணக்கு.
மில்லில் அதைச் சொல்லிச் சிரித்து
முக்காலி என்று பேரும் வைத்துவிட்டார்கள்.
கூப்பிட்டால் திரும்பவும் செய்கிறாள்.
நான் யாரைக் கோபிக்க?

பத்து நாள் அவள் கழுத்தில்
பெயின்ட் வாளியை வெட்டிச் செய்த வளையம்.
மாத்திரையைத் தயிரில் குழைத்தால்
தயிரை மட்டும் நக்கினாள்.
வெளிக்குப் போய்விட்டு மண் தள்ளப் பார்ப்பாள்,
தள்ளுகிற கால் இருக்காது,
அதன்மேலேயே சாய்வாள்.
ஈரத்துணியோடு நிற்பேன்.
என்னைப் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்ப்பாள்.
நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே துடைப்பேன்.

குடியிருப்பது பெரிய வீடொன்றின் பின்கட்டில்.
ஆத்தங்குடிக் கல், எண்ணெய் தேய்த்துத் தேய்த்து
நாலு காலுக்கே வழுக்கும் தரை.
மில்லிலிருந்து கிழிந்த சாக்குகள் கொண்டுவந்து
கதவிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்,
கிண்ணத்திலிருந்து ஜன்னல் என்று
ரோடு போட்டேன்.
கோலாலம்பூரிலிருந்து வீடியோ காலில் நாச்சியப்பன்
தரையைக் காட்டுங்க என்றார்.
காட்டினேன்.
இதென்ன சாக்கு?
பூனைக்கு.
படம் அப்படியே உறைந்து நின்றது,
நெட்வொர்க்கா அவரா தெரியவில்லை.
பூப்போட்ட கல்லை மறைக்காமப் போட முடியாதா
என்றது குரல் மட்டும்.
ஒரு சாக்கை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன்.

திருமயத்தில் அண்ணன் மகள் காதுகுத்து. போகவில்லை.
உனக்கு அந்தப் பூனையே ஒரு சாக்கு என்றாள் அண்ணி.
இருக்கலாம்.

இதெல்லாம் பழகிவிட்டது.
பழகாதது ஒன்றுண்டு.
உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்து
வலக்காதை நீட்டுவாள்.
இல்லாத கால் வேலையைத் தொடங்கும்.
தழும்புக்குக் கீழே சதை மட்டும் படபடக்க,
கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்து
சுகத்துக்குக் காத்திருப்பாள்.
காது அப்படியே இருக்கும்.

முதல் தடவை அழுதேன்.
அடுத்த தடவை விரலை நீட்டினேன்.
சதை துடிக்கிற வேகத்துக்குச் சொறிய வேண்டும்,
மெதுவாகச் சொறிந்தால் கடிப்பாள்.
இரவு ஒன்றரைக்கு,
தலையில் எண்ணெய் வைத்து நிற்கும்போது,
அடுப்பில் பால் பொங்கும்போது.

லோடு எடுக்க வரும்போதெல்லாம் ஆரோக்கியசாமி
ஒரு பை சூடை மீன் கொண்டுவருவார்.
சீட்டு வாங்கும் ஜன்னலில் வைத்துவிட்டு
வேறெங்கோ பார்ப்பார்.
போன சனிக்கிழமை ஊசி போட்டுத் திரும்பிய வழியில்
அவளையும் மில்லுக்குக் கொண்டுபோயிருந்தேன்.
அவர் கையெழுத்துப் போடும்போது
மேசைமேல் தலை சாய்ந்தது.
சதை துடித்தது.
பேனா நின்றது.

இன்னும் வலிக்குதாம்மா?

எட்டு மாதத்தில் முதல் கேள்வி.
அரிக்குதுண்ணே, என்றேன்.
என் ஒரு கையில் சீட்டுப் புத்தகம்,
இன்னொன்றில் அடுத்த வண்டியின் சாவி.
சும்மா பார்த்துக்கிட்டு நின்னா எப்படி,
வலது காது. கொஞ்சம் வேகமா.

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்
ஜன்னல் கம்பிக்குள் வந்தது.
பின்னால் நாலு லாரி ஹாரன் அடித்தன.
மேடையில் அவர் வண்டி
இருபத்தைந்து டன் முந்நூற்று நாற்பது என்று
காட்டிக்கொண்டே இருந்தது.