உறுப்பினர் எண் 41

நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டில்
மூட்டைக்கு ஒண்ணேகால் ரூபாய் கேட்டு
பதினேழு நாள் ஒரு வேகனும் நகரவில்லை.
உத்திராபதிக்கு அப்போது
பிடரியெல்லாம் நெல் சுணை, தடிப்புத் தடிப்பாக.
பேச்சு வராது.
மைக்கை மூட்டைக் கொக்கி மாதிரிப் பிடிப்பான்.
"தோழர்களே" என்பான்,
பிறகு ஒரு ரயில் கடந்து போகிற நேரம் நிற்பான்.
நாங்கள் கைதட்டியது அந்த நிற்பதற்குத்தான்.

பதினெட்டாம் நாள் ஒரு ரூபாய் பத்துக் காசுக்கு இறங்கிவந்தார்கள்.
மீதிப் பதினைந்து காசு அடுத்த தடவை என்றான்.
அடுத்த தடவை
சுவரெழுத்தில் அவன் பெயர் வந்தது.

மூவாயிரத்து இருநூற்றாறு வாக்கில் ஜெயித்தான்.
அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கியவர்கள்
எடை தெரிந்தவர்கள்.
"ஒரு மூட்டைகூடத் தேறமாட்டான்" என்றான் சவுரிமுத்து,
தூக்கிக்கொண்டே.

கோட்டையில் எங்கள் ஊர்ப் பேரை
மூன்று முறை சொன்னதாகப் பேப்பரில் வந்தது.
வெட்டிச் சந்தா நோட்டில் ஒட்டினேன்.
நான்காவது முறை சொன்னது
அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டதாம்.

மாதம் ஐந்து ரூபாய் சந்தா
மணியார்டரில் வந்தது, அவன் கோணல் எழுத்தில்.
பிறகு உதவியாளர் எழுத்தில்.
பிறகு பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது.

மழையில் நெல் முளைவிட்ட வருஷம்
மறுபடி வேலையை நிறுத்தினோம்.
தாலுகா ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் அவன்.
நாங்கள் நீட்டியது அவன் எழுதித் தந்த பழைய மனுதான்.
தேதியையும் கூலியையும் மட்டும் மாற்றியிருந்தோம்.
நிதானமாகப் படித்தான்.
"நியாயமான கோரிக்கை" என்றான், "ஆனால்..."
அந்த "ஆனால்" எனக்குத் தெரியும்.
மில் கணக்குப்பிள்ளை வாசலில்
இரண்டு பேருமாக நின்று கேட்டது.
பிறகு ஒரே ஒரு இடத்தில் பேனாவை வைத்தான்:
முன்பு அவனே விட்டிருந்த ஒற்றுப்பிழை.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது.
நாங்கள் ஏற்றாத நாற்பத்திரண்டு வேகனும்
அவன் கார் முன்னால் காலியாகப் போயின,
தட தடவென்று, வெறும் இரும்புச் சத்தம்.
கண்ணாடியை இறக்கிப் பார்த்தான்.
உதடு அசைந்தது.
எண்ணினானோ என்னவோ.

போன தை மாசம் பஸ்ஸில் வந்து இறங்கினான்.
துண்டு இல்லை, கூட ஆள் இல்லை.
சங்கத்து பெஞ்சில் உட்கார்ந்து
"எனக்கு எவ்வளவு பாக்கி?" என்றான்.
நூற்று முப்பத்தெட்டு மாசம்.
அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
சட்டைப்பையில் ஐந்நூறு இருந்தது. வைத்தான்.
சவுரிமுத்து டீ வாங்கி வந்தான்,
இந்தத் தடவை எடை எதுவும் சொல்லவில்லை.

ரசீது எழுதினேன்.
நாற்பத்தொன்றாம் நம்பரைக்
கொரடாச்சேரிப் பையன் ஒருவனுக்குக் கொடுத்து
ஆறு வருஷம் ஆகிறது.
அந்த இடத்தை மட்டும்
காலியாக விட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.
அவன் மடித்து வைத்துக்கொண்டான்,
படிக்காமல்.