பஞ்சாபில் தென்னை கிடையாது

குழித்துறை மேற்கு ரயில் நிலையத்தை
மூன்றே நாளில் லாகூர் ஆக்கினார்கள்.
பலகையில் உருது எழுதியவன்
இரணியலில் கட்சி போர்டு எழுதுகிறவன்.
இடமிருந்து வலமாகத் தொடங்கி
ஏச்சு வாங்கினான்.
தெர்மோகோல் என்ஜின் ஒன்று லாரியில் வந்தது.
இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது,
யாரும் சொல்லியிருக்கவில்லை.

தென்னைதான் அவர்களுக்குப் பெரிய தொல்லை.
காமிராவை எங்கே திருப்பினாலும்
ஒரு கொண்டை எட்டிப் பார்த்தது.
"பஞ்சாபில் தென்னை கிடையாது!"
டைரக்டர் கத்த, ஆட்கள் ஏறி
ஓலைகளைச் சாக்கால் கட்டினார்கள்,
பல்வலிக்காரிக்குத் தாடை கட்டுவதுபோல.

தகரப்பெட்டியைத் திறந்து
வரிசையாக மதம் கொடுத்தார்கள்.
சாமியார்மடம் ஆட்டோ கோலப்பனுக்கு
வலைத்தொப்பி, ஒரு வாள்.
திருவிதாங்கோடு மாகீனுக்குத்
தலைப்பாகை, ஒட்டுத்தாடி.
குளச்சல்காரி எனக்குக் கறுப்புத் துப்பட்டி,
அதனுள்ளே ஜெபமாலை வியர்த்தது.
ஆளுக்கு ஐந்நூறு, மத்தியானம் கோழிக்கறி.
பிணமாகக் கிடந்தால்
நூறு கூடுதல்.

ரத்தம் சீனிப்பாகு.
எறும்பு வந்தது.
"பிணம் சொறியக் கூடாது"
என்று மைக்கில் சொன்னதும்
பிணங்கள் சிரித்துவிட்டன.
கோலப்பன் வேறு, வாளை ஓங்கும்போதெல்லாம்
"மன்னிச்சிரு மக்கா" என்று முனகியதில்
ஏழு முறை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏழு முறையும்
மாகீனும் நானும் அடுத்தடுத்துச் செத்துக் கிடந்தோம்.
என் புறங்கையில் ஊர்ந்ததை
இரண்டு விரலால் எடுத்துப் போட்டான்.
பிணம் செய்யக் கூடாத காரியம் அது.

கதாநாயகனுக்கும் நாயகிக்கும் நடுவே
ஒரு தேசம் பிளந்தது,
ரயில் எரிந்தது,
அறுநூறு பேர் ஓடினோம்.
மாகீனுக்கும் எனக்கும் நடுவே ஒரு தாள்.
பதிவாளர் அலுவலகச் சுவரில்
முப்பது நாள் ஒட்டியிருக்கும்,
ஆட்சேபணை உள்ளவர் சொல்லலாம்.
பத்திரம் பதிய வந்த யாரோ
போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கத்தியோடு யாரும் வரவில்லை.
அவன் வாப்பா வந்தார்,
ஒரு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸோடு.
என் அப்பா நாற்காலி துடைத்துப் போட்டார்.
வலை, வட்டி, டீசல், மகளுக்குச் சீதனம்
என்று ஒரு மணி நேரம்.
சாயா ஆறுவதற்குள்
இரண்டு மதமும் ஒரே குரலில் சொல்லின:
வேண்டாம்.
இத்தனை ஒற்றுமையை
நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஒரு சொட்டு ரத்தமில்லை.
அதனால்தான் எங்களை எடுக்க முடியாது.

படம் வந்தது.
அப்பா மார்த்தாண்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு
கண் சிவந்து வந்தார்.
"பாவம் பிள்ளைகள்," என்றார்,
"சேர்த்து வச்சிருக்கலாம்."
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.
நான் மீன்முள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவு
மஸ்கட்டிலிருந்து ஒரு படம் வந்தது,
சேதி இல்லை.
கூட்டம் ஓடும் காட்சி. என் துப்பட்டி நழுவி
ஊதா நிற பிளாஸ்டிக் கிளிப்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில்
வடசேரிச் சந்தைக் கிளிப்.
சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
வட்டத்துக்கு வெளியே, பிளாட்பாரத்தில்,
கட்ட மறந்த ஓர் ஓலையின் நிழல்.
அதன் கீழேதான் அவன் நின்றிருந்தான்.
ஓலை வந்திருக்கிறது.