ஐயாயிரம் ஓம்

முருங்கைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
இழுத்துக் கட்டிய செம்புக் கம்பியில்
விடியுமுன் பினாங்கு வந்து உட்காரும்.
தனபாலன் என்று பெயர்.
கையுறை ஆலையில் ராத்திரி ஷிப்டு முடித்தவர்.
முகம் பார்த்ததில்லை, இருமல் தெரியும்.

நாலு பத்துக்குச்
செக்கானூரணிப் பக்கமிருந்து வரும் ஒரு ராஜ்தூத்,
இருபுறமும் பால்கேன்.
"இங்கே மழை" என்பார் தனபாலன்.
அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம்
கடுகு வெடிக்கும் சட்டிக்குள் போய்விடும்.
சத்தம் நாகமலையைத் தாண்டித் தேயும்போது
பினாங்கும் தேய்ந்திருக்கும்.
என் நோட்டில் நாலு பத்துக்கு நேரே
பக்கம் பக்கமாய் ஒரே சொல்: பால்.

ஒருநாள் கேட்டருகே மறித்தேன்.
"தண்ணி கலக்கல டீச்சரு" என்றார் ஒச்சப்பன்,
நான் வாய் திறக்கும் முன்னமே.
(நான் டீச்சர் இல்லை, லேப் அட்டெண்டர்.
திருத்துவதில்லை.)

"ஒங்க வண்டி என் ரேடியோவுல பேசுதுண்ணே."
வாங்கி வைத்திருந்த பிளக் மூடியை நீட்டினேன்.
உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது,
ஐயாயிரம் ஓம் என்றேன்.
"கோயில்லயே நூத்தியெட்டுதான்" என்றார்.
"இம்புட்டையும் உள்ள வச்சா
வண்டி மலையேறிறாது?"

இஞ்சினை ஓடவிட்டு
தலைத்துண்டுக்கு மேலேயே மாட்டிவிட்டேன் ஹெட்போனை.
கேட்டார்.
"இது நானா?"
பிறகு கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.
தட்டு. தட்டு. தட்டு.
விரல் அந்தரத்தில் நின்றது.
"விடுது. இந்தா... இந்தா, விடுது."

ஆறு மாதமாகப் புல்லூத்து ஏற்றத்தில்
மூச்சு வாங்குகிற வண்டி.
ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் குடைந்தான்,
ஒருவன் பெட்ரோல் பங்கை வைதான்,
மூன்றாமவன், வித்துருங்கண்ணே.

தெருவிளக்கு எரியாததும் நல்லதுக்குத்தான்.
குனிந்து பார்த்தோம்.
டேங்குக்கு அடியில்
ஒயர் உரசி உரசித் தோலுரிந்த இடத்தில்
நீல எறும்பு ஒன்று
இரும்புச் சட்டத்துக்குத் தாவிக்கொண்டிருந்தது,
பிளக்குக்குப் போகவேண்டிய தீயைத் தூக்கிக்கொண்டு.
பிளக்கில் விடுவதும் ரேடியோவில் வெடிப்பதும்
ஒரே எறும்பு.

கீழவெளி வீதியில் புது ஒயர் எண்பது ரூபாய்.
எர்த் முனையின் துருவை
உப்புத்தாளால் தேய்த்தது அவர்.
மூடியைத் திருகியது நான்.
அதற்குள் நாலு வீட்டிலிருந்து
பாலுக்குக் குரல் வந்துவிட்டது.
பிளாஸ்டிக் நாற்றமும் பால் நாற்றமுமாய்
கிளம்பிப் போனார்,
"டீச்சரு, ஏத்தத்துல பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் நாலு பத்து.
முன்னறைச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம்
இடமிருந்து வலமாய் நகர்ந்தது.
காதில் கடுகு இல்லை.
சன்னமாக, தூரத்து எண்ணெய் மாதிரி, ஏதோ.
அவ்வளவுதான்.

"இங்கே மழை" என்றார் தனபாலன்.
இருமினார்.
"அங்கே?"

இத்தனை நாளும்
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.
நானோ பதில் சொல்லாமல்
என் வோல்டேஜையும் ஆண்டெனா நீளத்தையும்
ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பித்தானை அழுத்தினேன்.
வானத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்.
இருட்டில் மலை கூடத் தெரியவில்லை.

"பால் வந்துவிட்டது" என்றேன்.
"ஓவர்."