படகு என்னும் ஊர்

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஆறுகளையோ குழாயில் அடைத்து
தெருவுக்குக் கீழே விட்டுவிட்டார்கள்.
டிராம் பணிமனையில் பிரேக் கழற்றும்போது
சில நாள் காலடியில் கேட்கும்.
அல்லது கேட்பதாக நினைத்துக்கொள்வேன்.

என் பெயர் புரோகோப்.
அதைச் சொல்ல எனக்கு
ஒரு டிராம் வந்து நின்று
ஆள் ஏற்றிப் புறப்படும் நேரமாகும்.
திக்குவாய் என்பார்கள்.
திக்கெல்லாம் தெரியும், வாசல்தான் திறக்காது.
மருந்துக்கடைக்காரி என் வாக்கியங்களை
எனக்கு முன்பே முடித்துவிடுவாள்,
பெரும்பாலும் தப்பாக.
இருமலுக்குக் கேட்டு
வயிற்றுக்கு வாங்கி வந்திருக்கிறேன்.

இரவு பதினொன்றுக்கு மேல் அரட்டை அறையில்
நான் அருவி.
நானாக வைத்துக்கொண்டதில்லை.
'அருவி வந்தாச்சு, இனி யாரும் பேச முடியாது' என்று
சாம்பல்பூனை எழுதி எழுதி ஒட்டிக்கொண்டது.
ஆறு வருடம்.
ரயில் கட்டணம், ஒருவரின் இரண்டாம் கல்யாணம்,
முட்டைக்கோஸ் ஊறுகாயில்
சீமைச்சோம்பு போடலாமா கூடாதா
(அதற்காக ஒருவன் அறையைவிட்டே வெளியேறி
மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்தான்).

மார்ச்சில் யாரோ எழுதினார்கள்: நேரில் பார்ப்போமே.
மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்தன.
நான்காவது என்னுடையது.
ஏன் உயர்ந்தாய் என்று
விரலைத்தான் கேட்க வேண்டும்.

ரயிலடிக்குப் பின்னால் மலிவுச் சாப்பாட்டுக்கடை.
சாம்பல்பூனையின் பெயர் வியெஸ்வாவா.
உலகத்தை ஒரே வரியில் கிழிப்பவள்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
உப்புக் குப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் கல்யாணக்காரர் இரேனெயுஷ்
தான் இவ்வளவு குள்ளம் என்று எழுதியதே இல்லை.
ஊறுகாய் லூட்சியன் ஜன்னலைப் பார்த்தான்.
ஜன்னலில் ஒன்றுமில்லை.
ஜானெதா 'ம்' என்றாள், இருமுறை.

நான் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன்.
டிராம் வந்தது. நின்றது.
ஏறினார்கள். இறங்கினார்கள்.
யாரும் எனக்காக முடித்து வைக்கவில்லை.
முடிக்க அவர்களுக்குத் தெரியாது;
ஆறு வருடத்தில் ஒருவரும்
என் பெயரைக் கேட்டதில்லை.

சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது,
பியரோகி ஆறியிருந்தது.
அப்புறம் மறுபடி அந்த மௌனம்.

மேசைக்கடியில் நான்கு தொடைகள்
ஒரே நேரத்தில் அதிர்ந்தன.
சாம்பல்பூனை:
'அருவியில் இன்று தண்ணீர்ப் பஞ்சமோ?'

நிமிர்ந்தேன். அவள் உப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
காதுவரை சிவந்து.
தட்டினேன்:
'குழாயில் அடைத்துவிட்டார்கள்.'

லூட்சியனுக்குச் சிரிப்பில் சூப் மூக்கில் ஏறியது.
அதன்பின் கடை சாத்தும்வரை
எங்களை அடக்க ஆளில்லை.
தட்டெடுக்க வந்தவள் எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்,
ஐந்து பேர், ஐந்து குனிந்த தலைகள்,
இந்தக் காலத்து ஜனங்களுக்குப்
பேச்சே அற்றுப்போச்சு.

கிளம்பும்போது இரேனெயுஷ்
வாயைத் திறந்தே கேட்டார்:
'பெயர் என்ன சொன்னீங்க?'
மறுபடி சொன்னேன்.
நின்று முழுக்கக் கேட்டார்.
அவருடைய டிராம் போய்விட்டது.