கோப்பி-ஓ நகராத புதன்

கம்பெனி விருந்தின் அதிர்ஷ்டக் குலுக்கலில்
எனக்கு மூன்றாம் பரிசு:
கிராஞ்சி லாயமொன்றில்
எட்டுக் குதிரையேற்றப் பாடங்கள்.
இரண்டாம் பரிசு ஏர் ஃபிரையர்.
அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

நான் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஒன்றை மிதித்தால் போகும்,
இன்னொன்றை மிதித்தால் நிற்கும்.
அத்தனை டன்னும் என் பாதத்தின் பேச்சைக் கேட்கும்.

இதன் பெயர் கோப்பி-ஓ.
பால் விடாத கறுப்பு.
பந்தயத்தில் ஓடிய காலத்தில்
நாலு சொல் நீளத்துக்கு ஒரு பெயர் இருந்ததாம்.
பதினொரு முறை ஓடி
ஒரே ஒருமுறை மூன்றாவதாய் வந்ததாம்.
'எனக்கும் மூன்றாவதுதான்' என்றேன் அதன் காதில்.
காது பின்னால் மடிந்தது.

மூன்று வாரம் ஒழுங்காகச் சுற்றியது.
நான்காம் வாரம்,
பொன் கிடைத்தாலும் கிடைக்காத என் ஓய்வுநாள் புதனில்,
தண்ணீர்க் குழாயருகே நின்றுவிட்டது.
சும்மா நிற்கவில்லை.
தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு
அந்த மணலை எடுத்ததுபோல் நின்றது.

குதிகாலால் ஒரு தட்டு.
இன்னும் பலமாய் ஒன்று.
'போ' என்றேன்.
'ஜாலான்' என்றேன், சுஹைலாவிடம் பழகிய குதிரையாயிற்றே.
நாக்கைச் சொடுக்கினேன்,
என் வீட்டுப் பூனைகூட மதிக்காத சொடுக்கு.
தெங்கா பக்கமிருந்து போர்விமானம் ஒன்று
வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
அதற்கும் அசையவில்லை.

சண்டி.

அப்பா என்னைச் சொன்ன சொல் அது.
பள்ளி வாசலில்,
பல்மருத்துவரின் நாற்காலியில்,
பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால்
தேநீர்த் தட்டோடு நான் நகராமல் நின்றபோது.
எங்கே வலிக்கிறது என்று
யாரும் கேட்டதாய் நினைவில்லை.

சுஹைலாவுக்குக் கைப்பேசி அழைப்பு,
முதுகைத் திருப்பிக்கொண்டாள்.
அப்போதுதான் வடிகாலிலிருந்து ஏறிவந்தது
என் உயரத்துக்கு ஓர் உடும்பு,
வாடகை வசூலிக்க வந்தவர்போல், அவசரமில்லாமல்.
கடிவாள வாரை விட்டுவிட்டுப்
பிடரிமயிரை அள்ளிக்கொண்டேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.

கோப்பி-ஓ நடந்தது.

உடும்பைப் பார்த்து அல்ல. அது பாட்டுக்கு முன்னோக்கி,
தலையைத் தாழ்த்தி, மூக்கால் ஒரு நீள மூச்சு விட்டு.
இவ்வளவு நேரமும்
கால் 'போ' என்றது,
கை 'நில்' என்றது.
உடும்புப்பிடி என்னுடையது.
பேருந்தில் இரண்டு பெடலையும் ஒன்றாய் மிதித்திருந்தால்
மேல்மாடியிலிருந்தே திட்டியிருப்பார்கள்.
கொள்ளென்றால் வாயைத் திறக்கும்,
கடிவாளமென்றால் மூடும் என்று
குதிரையைத்தான் பழிக்கிறது பழமொழி;
இரண்டையும் ஒரே நேரத்தில் நீட்டியவளைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.

கதையை இங்கே முடித்து
டிப்போவில் எல்லாரிடமும் சொன்னேன்.
சிரித்தார்கள். ஒருவர் கோப்பி வாங்கித் தந்தார்.

அடுத்த புதன், அதே குழாயருகே,
மறுபடி நின்றது.
கையைத் தளர்த்தினேன். போகவில்லை.
இன்னும் தளர்த்தினேன். ம்ஹூம்.
வேலியைப் பார்த்தேன், உடும்புக்கும் அன்று விடுப்பு.

இறங்கினேன்.
ஏன் என்று தெரியாமலே வயிற்றுப்பட்டைக்கு அடியில்
இரண்டு விரலை நுழைத்தேன்.
முழங்கைக்குப் பின்னால், முடி தேய்ந்த ஓர் இடத்தில்,
தோல் துடித்தது,
குளத்தில் கல் விழுந்ததுபோல்.
பல்லைக் காட்டியது. கடிக்கவில்லை.
சுஹைலா ஓடிவந்து பார்த்துவிட்டு
மலாயில் ஏதோ சொன்னாள், என்னிடம் அல்ல.

பாக்கி மூன்று பாடத்துக்குக்
காசாகத் திருப்பித் தரமாட்டார்களாம்.
வேறு குதிரை தருகிறோம் என்றார்கள்.

சேணமில்லாத கறுப்பு முதுகில்
மருந்தின் மஞ்சள் வழிய
இது முன்னால் நடக்கிறது,
கயிற்றின் தொளதொளத்த முனையில் நான்.
வேலியோரப் புல்லைக் கண்டு நிற்கிறது.
நானும் நிற்கிறேன்.
பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.